டொனி ஹாத்தவே கேக்கிறதெண்டா முதல் ‘லைவ்’ அல்பத்தைப் போடுங்கோ

சோல் (அமெரிக்கக் கறுப்பின ஆக்களின்ர ஒரு பாட்டு வகை) எண்டு கதை வந்தா எங்கட பெடியள் உடன சொல்லுற பேர் ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, அரிதா ஃப்ராங்க்ளின். எல்லாம் நல்ல ஆக்கள்தான், அதில ஒரு குறையும் இல்ல. ஆனா கீபோர்ட் வாசிக்கிற ஆக்களையும் சேர்ச் குவயரில ஹார்மனி பிடிக்கிற ஆக்களையும் நான் இருத்திவைச்சுக் கேக்கச் சொல்லுறது டொனி ஹாத்தவேயைத்தான். யாழ்ப்பாணத்தில அவற்ற பேர் தெரிஞ்ச ஆக்கள் சரியான குறைவு, அதாலதான் இவ்வளவு நீட்டா எழுதுறன், கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ. நான் சொல்ல வாறது ஒண்டுதான்: ஹாத்தவே தனிய இருந்து பாடேக்க பெரிய பாடகர், பக்கத்தில இன்னொரு ஆள் வந்தா அதவிடப் பெரிய ஆள். அந்த இன்னொரு ஆள் பேஸ் கிற்றார்காரனாயும் இருக்கலாம், பாடகி ரொபேர்ட்டா ஃப்ளாக்காயும் இருக்கலாம், ரிக்கற் எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வந்த சனமாயும் இருக்கலாம்.

ஆள் ஆரெண்டு கெதியாச் சொல்லிப்போட்டு வாறன். 1945 இல சிக்காகோவில பிறந்து செயின்ற் லூயிஸில பாட்டியோட வளந்தவர், பாட்டி கொஸ்பல் பாடகி, இவரும் மூண்டு வயசிலயே சேர்ச்சில பாடத் துவங்கியிட்டார். 1964 இல ஸ்கொலர்ஷிப் கிடைச்சு வொஷிங்டனில ஹவார்ட் யூனிவேர்சிற்றிக்கு மியூசிக் படிக்கப் போனவர் (ஹார்வர்ட் இல்ல, இது கறுப்பின ஆக்கள் கனபேர் படிச்ச ஹவார்ட்). அப்ப ஒரு பக்கம் சேர்ச், மற்றப் பக்கம் கிளாசிக்கல் படிப்பு, ரெண்டும் ஒரே ஆளின்ர கையில. பிறகு சிக்காகோவில பாடகர் கேர்ட்டிஸ் மேஃபீல்டின்ர கேர்ட்டொம் ரெக்கோட் கொம்பனியில மற்றவைக்கு அரேஞ்ச்மென்ற் எழுதிக் குடுக்கிறதும் புரொடியூஸ் பண்ணுறதுமா இருந்தவர். 1969 இலதான் சக்சஃபோன்காரர் கிங் கேர்ட்டிஸ் மூலமா அட்லாண்டிக் கொம்பனிக்குள்ள வந்து அற்கோ லேபிளில சொந்தப் பேரில பாட்டு வரத் துவங்கினது. அதாவது மற்ற ஆக்களுக்குப் பின்னால நிண்டு வேலை பழகின ஆள் முன்னுக்கு வந்தவர், அந்தப் பழக்கம் கடைசிமட்டும் போகேல்ல.

இனி ‘லைவ்’. 1972 இல வந்தது, ஆனா ரெக்கோட் பண்ணினது 1971 இல ரெண்டு சின்ன இடங்களில, முதல் பக்கம் ஹொலிவூட் ட்ரூபடோர், ரெண்டாம் பக்கம் நியூயோர்க் பிற்றர் எண்ட். ஸ்டேடியம் இல்ல, சின்னக் கிளப், அதால சனத்தின்ர மூச்சுக்கூடக் கேக்கும். கரோல் கிங் எழுதின ‘யூ ஹாவ் காட் அ ஃப்ரெண்ட்’ பாட்டை அவர் வேலிற்ஸர் எலெக்ரிக் பியானோவில துவங்கினதும் என்ன பாட்டெண்டு பிடிபட்ட சனம் கத்துது பாருங்கோ, அந்த ஒரு செக்கனுக்காகவே இந்த அல்பத்தை வாங்கலாம். பிறகு கோரஸ் வரேக்க பாடுறது அவர் இல்ல, சனம். முழு ஹோலும் சேர்ந்து சுருதி விலகாமப் பாடுது, அவர் இடையில ஒரு சொல் ரெண்டு சொல் போட்டு வழி காட்டிக்கொண்டு போறார், அவ்வளவுதான். எங்கட திருவிழாவில தவில் சமா நடக்கேக்க சனம் சுத்தி நிண்டு தாளம் போட்டு வித்துவானை ஏத்திவிடுமே, அந்த வேலையைத்தான் அந்த இரவு அந்தச் சனம் செய்திருக்கு.

முதல் பக்கத்தில ‘த கெற்றோ’ 12 நிமிசத்துக்கு மேல போகுது, பாட்டெண்டு சொல்ல வரி கொஞ்சம்தான், மிச்சம் முழுக்க பியானோ, கொங்கா மேளம், கைதட்டு. அதில சனத்தை ரெண்டாப் பிரிச்சு ஆம்பிளையளுக்கு ஒண்டு பொம்பிளையளுக்கு ஒண்டு எண்டு பாட விடுறார். ரெண்டாம் பக்கக் கடைசியில ‘வொய்சஸ் இன்சைட்’, அது 13 நிமிசத்துக்கு மேல. அங்கதான் வில்லி வீக்ஸின்ர பேஸ் சோலோ வருது. பேஸ் கிற்றார் படிக்கிற பெடியள் உலகம் முழுக்க இண்டைக்கும் நோட் நோட்டா எடுத்துப் பழகிற சோலோ அது. அவசரமே இல்ல, முதல் நாலைஞ்சு சுரம் மட்டும் வைச்சுத் துவங்கி, இடைவெளி விட்டு, சனம் அந்த இடைவெளிக்குள்ள கத்த, பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, கடைசியில கை பறக்கேக்க ஹோல் முழுக்க எழும்பியிட்டுதெண்டு கேக்கிற எங்களுக்கே விளங்கும். இவ்வளவு நேரமும் ஹாத்தவே என்ன செய்யிறார் எண்டு கவனிச்சுக் கேளுங்கோ. ஒண்டும் செய்யேல்ல, வழி விட்டிட்டு நிக்கிறார், தன்ர பேர் போட்ட அல்பத்தில, அல்பம் முடியிற இடத்தில. ட்ரம்ஸ் வாசிக்கிறது ஃப்ரெட் வைற், அப்ப வயசு 16. எங்கட ஊரில ஓஎல் எடுக்கிற வயசு. பிறகு அவர் ஏர்த் விண்ட் அன்ட் ஃபயர் எண்ட பாண்டில சேர்ந்து பேர் எடுத்தது வேற கதை. 16 வயசுப் பெடியன்ர கையில தாளத்தைக் குடுத்துப்போட்டு நிம்மதியாக் கண்ணை மூடிப் பாடுறதெண்டா எவ்வளவு நம்பிக்கை வேணும்.

ஒரு விசயம், ஃபோன் ஸ்பீக்கரில இதைக் கேக்காதேங்கோ. சைக்கிள் டைனமோ சுத்திக் கசற் கேட்ட சனம் நாங்கள், சத்தம் வந்தாக் காணுமெண்டு இருந்த காலம் அது. ஆனா இதில பேஸ் கேக்காட்டி அரைவாசி அல்பம் போயிடும், ஒரு நல்ல ஹெட்செட்டோ இல்லாட்டி ஆற்றயும் வானில இருக்கிற செற்றோ வேணும்.

எங்கட குவயர் பெடியளுக்கு ஒருநாள் ப்ராக்டிஸ் முடிய ‘அ சோங் ஃபோ யூ’ போட்டுக் காட்டினன், லியொன் ரசல் எழுதின பாட்டு, ஹாத்தவே 1971 இல வந்த தன்ர ரெண்டாவது அல்பத்தில பாடினது. பியானோ துவங்கேக்க கதைச்சுக்கொண்டு நிண்டவை, குரல் வந்ததும் பேசாம நிண்டிட்டினம். ஒரு பெடியன், “அண்ணை, இவர் சத்தம் போடவே இல்ல, ஆனா நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது” எண்டான். நான் சொன்னன், “தம்பி, ஒரு வரி முடியிற இடத்தில அவர் என்ன செய்யிறார் எண்டு பார், கடைசிச் சொல்லை இழுத்து நெளிக்கிறதில்ல, அப்பிடியே வைச்சிட்டு பியானோவைக் கதைக்க விடுறார்.” இப்ப ரீவியில பாட்டுப் போட்டியளில வாற பிள்ளையளுக்கு ஒவ்வொரு வரியிலயும் சங்கதி போடாட்டி மார்க்ஸ் கிடைக்காதெண்டு ஒரு பயம் இருக்கு, அவையெல்லாம் ஒருக்கா இதைக் கேக்க வேணும். அந்த ரெண்டாவது அல்பம் முழுக்க எனக்குப் பிடிக்குமெண்டு சொல்லமாட்டன், சில பாட்டில வயலின் கூட்டம் கூடிப்போச்சு, குரலுக்கு மூச்சு விட இடம் இல்ல. ஆனா ‘கிவிங் அப்’ பாட்டில கிங் கேர்ட்டிஸ் வாசிச்ச சக்சஃபோன் இருக்கு, அந்த மனுசனை அதே 1971 ஆவணியில நியூயோர்க்கில குத்திக் கொண்டுபோட்டினம், அதை அறிஞ்ச பிறகு அந்த சோலோவைச் சும்மா கேக்கேலாது.

முதல் அல்பம் ‘எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்’, 1970. கொஞ்சம் கரடுமுரடு, ஆனா உயிர் இருக்கு. ‘த கெற்றோ’ முதல் வந்தது இதிலதான், ஹவார்டில கூடப் படிச்ச லீரோய் ஹட்சனோட சேர்ந்து எழுதினது, பாட்டுக்குள்ள ஒரு குழந்தை அழுற சத்தம் வரும், அது அவற்ற மகள் லேலா எண்டு சொல்லுவினம். அந்த லேலா ஹாத்தவே இண்டைக்குத் தானே பெரிய பாடகி.

இனி ரொபேர்ட்டா ஃப்ளாக். அவவும் ஹவார்டில படிச்சவதான். 1970 இல வந்த அவவின்ர ‘சப்ரர் ரூ’ அல்பத்துக்கு ஹாத்தவே அரேஞ்ச்மென்ற் செய்து குடுத்தவர், 1972 இல ரெண்டுபேரும் சேர்ந்து ஒரு முழு அல்பமே போட்டினம். அதில ‘வெயர் இஸ் த லவ்’ பாட்டுக்கு அடுத்த வருசம் கிராமி கிடைச்சுது. மூண்டு நிமிசம்கூட இல்ல அந்தப் பாட்டு. அவ பாடேக்க இவர் கீழ போறார், இவர் மேல வரேக்க அவ ஒதுங்கிறா, எங்க ஆர் விடுறது ஆர் எடுக்கிறது எண்டு ஒருக்காலும் முட்டுப்படாது. எங்கட டூயற்றுகளில கனக்க ஆம்பிளை ஒரு சரணம் பொம்பிளை ஒரு சரணம் எண்டு பங்கு பிரிச்சுப் பாடுறதுதான், இது அப்பிடி இல்ல, ஒரு மூச்சை ரெண்டுபேர் விடுறது. அல்பம் முழுக்க அதே தரம் எண்டு சொல்ல வரேல்ல, மெதுவான பாட்டுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்து நடுவில கொஞ்சம் தூங்குது. பகலில கேக்காம இரவில கேட்டா அந்தக் குறை குறையும்.

அவர் பேர் முன்னுக்கு வராத வேலையளையும் விடாதேங்கோ. அரிதா ஃப்ராங்க்ளினின்ர ‘ரொக் ஸ்ரெடி’ பாட்டில ஓர்கன் வாசிக்கிறது ஹாத்தவேதான். ஒருக்கா அரிதாவின்ர குரலை விட்டிட்டு அந்த ஓர்கனை மட்டும் காதால பிடிச்சுக்கொண்டு போங்கோ, ஒரு இடத்தில உரசும், ஒரு இடத்தில ஒத்தைச் சுரத்தைப் பிடிச்சுக்கொண்டே நிக்கும், அந்தப் பாட்டின்ர சூட்டில பாதி அதுதான். கேக்கிற சனத்தில நூறில ஒராளுக்கும் அது ஆரெண்டு தெரியாது. குவின்சி ஜோன்ஸின்ர மேற்பார்வையில ‘கம் பக் சார்ல்ஸ்ரன் ப்ளூ’ படத்துக்கும் 1972 இல மியூசிக் செய்தவர், அது எல்லாருக்கும் எண்டில்ல, அரேஞ்ச்மென்ற் படிக்கிற ஆக்கள் தேடிப் பிடிக்கலாம்.

1973 இல ‘எக்ஸ்டென்ஷன் ஒஃப் அ மான்’. ஸ்டூடியோ வேலையில இதுதான் அவற்ற உச்சம். துவக்கமே பாட்டில்ல, அஞ்சு நிமிசத்துக்கு ஓர்கெஸ்ட்ரா, சோல் அல்பம் வாங்கின சனத்துக்கு என்னடா இது எண்டு இருந்திருக்கும். அதுக்குப் பின்னால ‘சம்டே வீல் ஓல் பி ஃப்ரீ’ வருது. இந்தப் பாட்டின்ர வரியளை எழுதினது எட்வேர்ட் ஹவார்ட் எண்டவர், ஹாத்தவே அந்த நேரம் மனவருத்தத்தோட பட்ட பாட்டைப் பாத்து அவருக்கெண்டு எழுதினது. பிறகு சனம் அதை விடுதலைப் பாட்டா எடுத்துக்கொண்டுது. ஒருநாள் நாங்கள் எல்லாரும் விடுதலையாவம் எண்டு ஒரு பாட்டை இஞ்ச இருந்து கேக்கேக்க எங்களுக்கு வேற கனக்க விசயமும் மனசில வரும், அதை நான் விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. ஆனா அது முதல்ல ஒரு தனி மனுசனைத் தாங்கிப் பிடிக்க எழுதின பாட்டு, அதை நினைச்சுக்கொண்டு ஒருக்காக் கேளுங்கோ, அவர் மேல போற இடங்களெல்லாம் வேற விதமாக் கேக்கும்.

அவருக்கு இருந்தது சிசோஃப்ரினியா. ஆஸ்பத்திரியும் மருந்துமா கன வருசம் கஷ்டப்பட்டவர், அதால 1973 க்குப் பிறகு ரெக்கோட் குறைஞ்சு போச்சு. எங்கட சனம் இப்பிடி வருத்தம் வீட்டில ஆருக்கும் வந்தா அயலட்டைக்குத் தெரியக்கூடாதெண்டு மறைக்கிறதிலதான் நிக்கும், வைத்தியம் பிறகுதான். ஹாத்தவேயைப் பற்றிக் கதைக்கேக்க நான் இதை ஒளிக்கிறதில்ல, கேக்கிற பெடியளுக்கும் சொல்லுறனான். 1978 இல ரொபேர்ட்டா திரும்பக் கூப்பிட்டுப் பாடின ‘த க்ளோசர் ஐ கெற் ரூ யூ’ அமெரிக்காவில ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சுது. உடன இன்னொரு அல்பத்துக்கு வேலை துவங்கினவை. அது முடிய முதல், 1979 தை 13, நியூயோர்க் ஹோட்டல் ஒண்டின்ர மேல்மாடியில இருந்து விழுந்து செத்துப்போனார், வயசு 33. முடிஞ்ச ரெண்டு பாட்டையும் வைச்சு 1980 இல ரொபேர்ட்டா அந்த அல்பத்தை அவற்ற பேரையும் போட்டு வெளியிட்டவ. அதில ‘பக் ரூகெதர் அகெய்ன்’ ஆடுற பாட்டு, சந்தோசமான பாட்டு, அவற்ற குரல் துள்ளுது. ரொபேர்ட்டாவும் 2025 மாசியில போயிட்டா.

எல்லாம் ஒரே இடத்தில வேணுமெண்டா ரைனோ ரெக்கோட் கொம்பனி 2013 இல போட்ட ‘நெவர் மை லவ்’ எண்ட நாலு சீடி தொகுப்பு இருக்கு. எனக்கு ரொறொன்ரோவில இருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தவர், இஞ்ச கடையளில தேடி மினக்கெடாதேங்கோ. முதல் சீடி தெரிஞ்ச பாட்டுகள், அல்பங்கள் வைச்சிருக்கிற ஆக்களுக்குத் தேவையில்லை. ரெண்டாவது முந்தி வெளிவராத ஸ்டூடியோப் பாட்டுகள், அதில இருபது நிமிசத்துக்குக் கிட்டப் போற ஒரு ஓர்கெஸ்ட்ரா கொன்சேர்ட்டோ இருக்கு, ஹவார்ட் படிப்பு எங்க போச்சுதெண்டு கேட்டா அங்க கிடக்கு பதில். மூண்டாவது பிற்றர் எண்ட் இரவுகளில மிச்சம் வைச்சது, ‘லைவ்’ பிடிச்ச ஆக்களுக்கு அதுக்காகவே முழுத் தொகுப்பும் பெறுமதி. நாலாவது ரொபேர்ட்டாவோட பாடினதுகள். அரிதாவுக்கு வாசிச்ச ஓர்கனை இதில தேடாதேங்கோ, அது தனியத்தான் கேக்க வேணும். சீடி பிளேயர் இல்லாத ஆக்கள் ஹெட்செட் போட்டு ஃபோனிலயே கேக்கலாம், ‘லைவ்’ முதல், பிறகு ‘எக்ஸ்டென்ஷன்’, அதுக்குப் பிறகு ரொபேர்ட்டா, இந்த ஒழுங்கில போங்கோ.

கடைசியா ஒண்டு, ‘திஸ் கிறிஸ்மஸ்’. 1970 இல வந்த பாட்டு, அவரோட சேர்ந்து எழுதின நடீன் மக்கின்னர் சிக்காகோவில தபால் கந்தோரில வேலை செய்த பிள்ளை. வந்த நேரம் பெரிசா எடுபடேல்ல, இப்ப அமெரிக்காவில மார்கழி எண்டா அது இல்லாம முடியாது. முதல்ல வாற பித்தளை வாத்தியங்களின்ர அந்த வரியை நான் கீபோர்டுக்கு எடுத்து வைச்சிருக்கிறன், இந்த மார்கழி கரோலுக்கு எங்கட குவயரோட செய்யிற எண்ணம். ஆல்ற்றோவுக்குத்தான் (பொம்பிளையளின்ர கீழ்க்குரல்) ஆக்கள் காணாது, யாழ்ப்பாண ரவுண் பக்கம் பாடக்கூடிய ஆரும் இருந்தா கீழ எழுதுங்கோ, ப்ராக்டிஸ் சனிக்கிழமை பின்னேரங்களில.