ஓசூர் ரோட்டு ஈகோ கேம்பர்: ஊட்டிக்கு எடுக்கலாம், பாதிச் சாமானை இறக்கிவிட்டு

பெங்களூரில் மலைக்குப் போக படுக்கை வைத்த வேன் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். கழிப்பறை, ஏசியோடு டிரைவரும் வரும் பெரிய கேரவன் ஒன்று. அதன் இரண்டு நாள் வாடகையிலேயே சின்ன பட்ஜெட் காலியாகிவிடும். இன்னொன்று மாருதி ஈகோவின் பின் சீட்டைக் கழற்றிப் பலகைப் படுக்கை போட்டது. ஓசூர் ரோட்டில் ஒரு சிறிய கடை தரும் இந்த இரண்டாம் வகை வண்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். நாளுக்கு 3,200 ரூபாய், 250 கி.மீ. வரை. நாமே ஓட்டிக்கொள்ளலாம்.

முதலில் வண்டியின் நல்ல குணம். ஈகோ பின்சக்கர இழுவை வண்டி. படுக்கை, தண்ணீர், சாமான் எல்லாம் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே பாரம் விழுகிறது. நனைந்த கொண்டை ஊசி வளைவிலும் சக்கரம் சுற்றி வழுக்குவது குறைவு. ஆனால் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ கிடையாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் இழுவை போய்விடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியை எட்டும்போது எஞ்சின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் 36 வளைவுகளில் இது நன்றாகத் தெரியும். பல வளைவுகளில் முதல் கியர்தான். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மேலே சேரும்போது சீட்டும் தரையும் சூடாகிவிடும். அடுப்பு கேஸ் கேனை அந்தப் பக்கம் வைக்கவே கூடாது.

கடைமேல் உள்ள பெரிய குறை இங்கேதான் வருகிறது: வண்டியில் சாமான் அதிகம். படுக்கைக்கு 18 மி.மீ. பிளைவுட் போட்டிருக்கிறார்கள். ஆறடிக்கு நாலடிப் பலகை அந்தக் கனத்தில் 25 கிலோ வரும். குறுக்குச் சட்டம் நெருக்கமாக இருந்தால் 12 மி.மீ. போதும், எட்டு கிலோ மிச்சம். 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியே கொடுக்கிறார்கள், அது தனியாக 50 கிலோ. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 30 கிலோவுக்கு மேல். அதோடு 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், கூரைமேல் ஒரு பெட்டி. ஏற்றத்தில் இந்த எடை வேகத்தை மட்டும்தான் குறைக்கும். இறக்கத்தில் பிரேக்கைத் தின்னும். கூரைப் பெட்டி வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

கிளம்புமுன் கூரைப் பெட்டியையும் ஃப்ரிட்ஜையும் கழற்றச் சொல்லுங்கள், கடைக்காரர் மறுப்பதில்லை. தண்ணீர் 20 லிட்டர் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை இருப்பதால் சில்வர் கேன் கொண்டுபோவது எப்படியும் நல்லது.

ஃப்ரிட்ஜை இறக்க இன்னொரு காரணமும் உண்டு. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக உபயோகத்துக்குக் கிடைப்பது சுமார் 600 வாட்-அவர். ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடினாலும் ஒரு நாளில் 400க்குமேல் இழுத்துவிடும். விளக்கு, போன் சார்ஜ் இரண்டுக்கும் 100 போதும். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே ஐந்தாறு நாள் தாங்கும், இருந்தால் ஒரு நாள்தான். ஊட்டிக் குளிரில் பாலும் தயிரும் வெளியே இருந்தாலே கெடாது.

அந்தப் பேட்டரி படுக்கைக்கு அடியில் இருப்பது சரியில்லை. தண்ணீர் ஊற்ற மேலே திறக்கும் மூடிகள் உள்ள ட்யூப்லர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், வளைவில் ஆசிட் கசியும். ஆள் தூங்கும் இடத்தில் சீல் செய்த பேட்டரிதான் இருக்கவேண்டும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. எஞ்சின் பேட்டரியிலிருந்து பின்னால் வரும் தடித்த சிவப்பு ஒயருக்கு பியூஸ் பின்முனையில் மட்டும் இருக்கிறது. நடுவில் ஒயர் தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், அந்த பியூஸ் எதையும் காப்பாற்றாது. எஞ்சின் பேட்டரியின் முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள், இன்னொரு பியூஸ் வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. கடைக்காரர் செய்துகொடுக்கும்வரை அந்த இணைப்பைக் கழற்றச் சொல்லி எடுங்கள்.

அடுப்பு விஷயம். கொடுப்பது பியூட்டேன் கேன் செருகும் ஒற்றை பர்னர். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் வாயுவாகவே மாறாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் கேன் நிறைய இருந்தும் தீ நீலமாகத் துளிர்த்து அணைந்துவிடும். இரவே கேனைப் போர்வைக்குள் வைத்துவிட்டால் காலையில் காபிக்குத் தொந்தரவில்லை. அணைந்த கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தினாலும் பிடித்துக்கொள்ளும், சுடுதண்ணீர் மட்டும் ஆகாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைப்பதோ, குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தூங்கும்போது இரண்டு எதிர் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கூரைத் தகரத்திலிருந்து மூச்சு நீராகச் சொட்டி மெத்தை நனைந்திருக்கும்.

வழி: குண்டல்பேட், பந்திப்பூர், தெப்பக்காடு. காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், நடுவில் நிறுத்தக்கூடாது. நீலகிரிப் பதிவு இல்லாத வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கல்லட்டியில் வெளியூர் வண்டி ஏறத்தான் விடுவார்கள், இறங்குவது கூடலூர் வழிதான். இரவு சாலையோரம் நிறுத்தினால் யானையும் காட்டெருமையும் வரும் இடம் அது. ஹோம்ஸ்டே முற்றத்தில் நிறுத்தி, குளியலறை சேர்த்து 400 ரூபாய் பேசிக்கொள்வது மேல்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை விடாமல் மிதித்தால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டு, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிவரை தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழையதானால் 140க்கே கொதிக்கலாம். அதனால் ஆயில் மாற்றிய தேதியைக் கடையில் கேளுங்கள், இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றித்தரச் சொல்லுங்கள். கருகிய வாசனை வந்தால் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து 20 நிமிடம் விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடாக இருக்கும் டிரம்மில் ஹேண்ட்பிரேக்கும் இழுக்காதீர்கள்.

செலவு: மூன்று நாள் வாடகை 9,600. பாரத்தோடு லிட்டருக்கு 12, 13 கி.மீ. என்றால் 640 கி.மீ.க்கு 50 லிட்டர் சொச்சம், சுமார் 5,300. டோல், இரவு நிறுத்தம் சேர்த்து 16,000 பக்கம். இருவர் இரண்டு இரவுக்கு மட்டும் போவதானால் பஸ்ஸும் சாதாரண அறையும் இதைவிட மலிவு. நாலைந்து இரவு, கோத்தகிரி, குன்னூர் என்று இடம் மாறிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் இந்த வண்டி கட்டுபடியாகும்.

முன்பணம் கட்டுமுன் நம்பர் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா, சீட் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, தமிழ்நாட்டுக்கான பர்மிட் இருக்கிறதா என்று மூன்றையும் தாளிலேயே பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுத்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.