மைக்ரோவேவா, ஆவிச்சட்டியா? எவர்சில்வர் புழங்கும் வீட்டுக்கு எது தோது

மிச்சச் சோற்றையும் குழம்பையும் சூடாக்க எங்கள் வீட்டில் இப்போது மைக்ரோவேவ் இல்லை. பழையது பழுதானதும் புதிது வாங்கக் காசு எடுத்து வைத்தோம், கடைக்கும் போய்ப் பார்த்தோம், கடைசியில் வாங்காமலே இருந்துவிட்டோம். ஓராண்டுக்கு மேலாக அந்த வேலையை மூன்றடுக்கு ஆவிச்சட்டி ஒன்று பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் புழங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாலைந்து பேர் சாப்பிடுகிற, எவர்சில்வர் புழங்குகிற குடும்பத்துக்கு ஆவிச்சட்டிதான் நல்லது. ஒண்டியாக இருப்பவர்களுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பேச்சில் எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான். இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று 1917-இல் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நட்ட ‘தென்னமரம்’ என்ற பெயருள்ள தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் செம்பனை ஆலையில்தான் வேலை. வெட்டிய குலையை ஒரு நாளுக்கு மேல் போட்டு வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், காய் அதிகம் வரும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். அவர் ஒரு வாரம் மாலையில் வீட்டுக்கு வருவார், ஒரு வாரம் நள்ளிரவில் வருவார். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம் வேறு. அத்தைக்குச் சர்க்கரை, மாத்திரைக்குத் தகுந்தபடி மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். காலையில் ஒரு தடவை சமைத்து நாள் முழுக்கச் சூடாக்கிப் போடுகிற வீடு இது. அதனால் எதில் சூடாக்குவது என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எல்லாரும் கேட்பதை முதலில் முடித்துவிடுகிறேன். வேகத்தில் மைக்ரோவேவ்தான் முந்தும், அதில் பேச்சே இல்லை. ஒரு குவளைப் பால் ஒன்றரை நிமிடத்தில் சூடாகிவிடும். ஆவிச்சட்டியில் தண்ணீர் கொதிப்பதற்கே நாலைந்து நிமிடம் வேண்டும். கதிர் வரும், சத்து போய்விடும் என்ற பயத்தில் நான் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த அலை உணவில் உள்ள தண்ணீரைத் துடிக்க வைத்துச் சூடாக்கும், அவ்வளவுதான். உணவில் கதிரியக்கம் எதுவும் தங்காது. குறைந்த நேரத்தில், தண்ணீர் ஊற்றாமல் சூடாவதால் காய்கறிச் சத்து அதில் நன்றாகவே தங்கும். காசும் காரணம் இல்லை. கேஸ் மானிய விலையில் கிலோ 1 வெள்ளி 90 காசு, 14 கிலோ தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு, வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் கூலி தனி. ஐந்து பேர் சாப்பாட்டை ஆவியில் சூடாக்க ஏறக்குறைய ஏழெட்டுக் காசு கேஸ் போகும். மைக்ரோவேவில் கரண்டுக்கும் அதே அளவுதான் ஆகும். இதை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது பாத்திரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் லிட்டரும் வாட்டும்தான் சொல்வார்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் வீடுகளில் சாப்பாடு இருப்பது எவர்சில்வரில். குழம்பு கிண்ணத்தில், சோறு டப்பாவில், ரசம் தூக்கில், ஆலைக்குப் போகும் சாப்பாடு அடுக்குக் கேரியரில், கடைசியில் உட்கார்ந்து சாப்பிடும் தட்டும் எவர்சில்வர். மைக்ரோவேவின் அலை உலோகத்துக்குள் நுழையாது, பட்ட இடத்திலேயே திரும்பிவிடும். எவர்சில்வர் கிண்ணத்தில் குழம்பை வைத்தால் மேலாக மட்டும் கொஞ்சம் சூடேறும். கிண்ணத்தின் விளிம்பு பெட்டியின் சுவரை நெருங்கினால் பொறி பறக்கும். முள்கரண்டியை உள்ளே மறந்து வைத்தாலும், தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டை வைத்தாலும் அப்படித்தான்.

ஆக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, சூடாக்கி, மறுபடி பரிமாறும் ஏனத்துக்கு மாற்ற வேண்டும். சோறு, குழம்பு, பொரியல், ரசம் என்று நான்கு வகைக்கும் இதே வேலை. சாப்பாட்டு நேரம் மூன்று வேளையாக இல்லாமல் ஐந்தாறு வேளையாகப் பிரிந்து கிடக்கிற வீட்டில் இதைப் பெருக்கிப் பாருங்கள். மைக்ரோவேவ் மிச்சப்படுத்திக் கொடுத்த நிமிடமெல்லாம் பாத்திரம் கழுவுவதில் போய்விடும்.

சரி, பிளாஸ்டிக் டப்பாவிலேயே எடுத்து வைத்து, அதிலேயே சூடாக்கினால் ஆயிற்று என்று தோன்றும். மைக்ரோவேவ் உள்ள எந்த வீடும் போகப்போக அங்கேதான் போய் நிற்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பா சூடு தாங்கும் வகைதான். ஆனால் நம் குழம்பு வெறும் தண்ணீர் இல்லையே. மேலே மிதக்கும் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டியும் சூடேறும், மஞ்சளும் மிளகாயின் சிவப்பும் அந்த எண்ணெயில்தான் கரைந்து நிற்கும். எங்கள் வீட்டுப் பழைய டப்பாக்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்: குழம்பு நின்ற மட்டத்தில் ஆரஞ்சு வளையம், அந்த வளையத்தை ஒட்டி உள்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகச் சொரசொரப்பு. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் விரலில் பிசுக்கு போகாது. நெத்திலிச் சம்பால் இருந்த டப்பாவில் தயிர்ச்சோறு வைத்தால் தயிர்ச்சோற்றில் நெத்திலி வாசம் வரும். அத்தை வெள்ளிக்கிழமை மாமிசம் தொடாதவர். அவருக்கென்று தனி டப்பா வைத்து, அதற்குத் தனி மூடி தேடி, அது ஒரு தனி வேலை. எவர்சில்வரைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் நேற்று என்ன இருந்தது என்றே தெரியாது.

மெலமைன் தட்டு நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அதையும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உணவைவிடத் தட்டு அதிகமாகச் சூடேறும், சூட்டில் ஃபார்மால்டிஹைடு உணவில் கசியும். கண்ணாடி நல்லதுதான், ஆனால் கனம். பள்ளி விட்டு வரும் பிள்ளை தானாக எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும் என்றால் கண்ணாடியை நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கடைச் சாப்பாட்டிலும் இதே சிக்கல். சிலாங்கூரில் 2017 ஜனவரியிலிருந்து பொலிஸ்டிரீன் பெட்டிக்குத் தடை. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பூசிய பழுப்புக் காகிதம்தான். சில கடைகளில் அதை ஸ்டேப்ளர் முள் போட்டு மூடித் தருவார்கள். மைக்ரோவேவில் வைக்க வேண்டுமென்றால் முள்ளைத் தேடிப் பிடுங்கி, தட்டில் கொட்டி வைக்க வேண்டும். வாழை இலையில் கட்டிய நாசி லெமாக்கை ஆவிச்சட்டியில் இலையோடு, வெளிக் காகிதத்தை மட்டும் எடுத்துவிட்டு வைத்துப் பாருங்கள். இலை கரும்பச்சையாகி வதங்கி, அதன் வாசம் தேங்காய்ப்பால் சோற்றில் இறங்கி, காலையில் கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கும்.

ஆவிச்சட்டியில் பாத்திரக் கவலையே இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த எவர்சில்வர் கிண்ணம் அப்படியே அடுக்குக்குப் போகும், அடுக்கிலிருந்து அப்படியே மேசைக்கு வரும். கேரியரின் அடுக்கைக் கழற்றி ஒவ்வொன்றாக வைத்துவிடலாம். கிண்ணத்துக்கு மேல் ஒரு சின்னத் தட்டு மூடிவிட்டால் வியர்க்கும் தண்ணீர் குழம்பில் சொட்டாது.

ஆவிக்கு உள்ள பலத்தை எனக்குப் புரிய வைத்தவர் வீட்டுக்காரர். ஆலையில் குலையை முதலில் அவிப்பதே ஆவியில்தான், சுமார் 140 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆவி குளிர்ந்த பொருளில் பட்டுத் தண்ணீராகத் திரும்பும்போது தன்னிடம் உள்ள சூட்டையெல்லாம் அங்கே இறக்கிவிடும். ஒரு கிலோ ஆவி அப்படி விடுவது 2,257 கிலோஜூல். குழாய்த் தண்ணீர் ஒரு கிலோவைக் கொதிக்க வைக்க ஆவதைப் போல இது ஏழு மடங்குக்கும் மேல். எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதில்தான் ஆவி அதிகமாகப் படியும். அதனால் மூன்று அடுக்கிலும் ஆறு கிண்ணம் வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சூடாகும். மைக்ரோவேவில் அப்படி இல்லை. 800 வாட் என்றால் அந்த 800 வாட்டைத்தான் உள்ளே உள்ளதெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு தட்டு வைத்தால் நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வைக்கிற இடமும் ஒரு தட்டுக்குத்தான்.

ரவாங்கில் இருக்கும் அக்கா இதற்காகவே என்னைப் பிடித்துக்கொள்வாள். “ஒரு நிமிஷத்துல ஆகுற வேலைக்கு ஏன்டி அடுப்பு பத்த வச்சு நிக்கிற?” என்பாள். “உன் வீட்டுல ரெண்டே பேரு அக்கா, ஒரு தட்டு முடிஞ்சு அடுத்த தட்டு வைக்கலாம். இங்க அஞ்சாவது தட்டு சூடாகுறதுக்குள்ள முதல் தட்டு ஆறிடும்” என்றேன். அவள் வீட்டுக்கு மைக்ரோவேவ்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பதம் என்று பார்த்தாலும் ஆவிக்குத்தான் என் ஓட்டு. முதல் நாள் சோறு ஆவியில் பத்து நிமிடம் இருந்தால் புதிதாக வடித்த மாதிரி உதிரும். மைக்ரோவேவில் ஓரம் காய்ந்து நடுவில் சில்லென்று இருக்கும். தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி வைத்தால்தான் சரிவரும். இட்லி, புட்டு, கொழுக்கட்டை, பாவ் என்கிற சீன ஆவி பன் எல்லாம் ஆவியில் பிறந்தவை, ஆவியில்தான் மீளும். மீன் துண்டு வெடித்துப் பெட்டி முழுக்கச் சிதறும் கதையும் இல்லை.

எதில் சூடாக்கினாலும் சோறு விஷயத்தில் ஒன்று. நம் வெயிலுக்குச் சமைத்த சோற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல், அகலமான தட்டில் பரப்பி ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் ஒரு வகைக் கிருமி நஞ்சை விட்டுவிடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆவிச்சட்டி தோற்கும் இடமும் இருக்கிறது. வடை, பொரித்த கோழி, அப்பளம், ரொட்டி சானாய் எதையும் ஆவியில் காட்டக் கூடாது, ஊறிப்போய்விடும். அவற்றுக்குத் தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து மூடி விடுகிறேன். ஏர் ஃபிரையர் இதற்கு நன்றாக உதவும் என்பது அக்கா வீட்டில் இரண்டொரு முறை சாப்பிட்டதை வைத்துச் சொல்வது. வாங்கி வைத்துப் புழங்கியவள் இல்லை, அதனால் அதற்கு மேல் நான் சொல்வது சரியாக இருக்காது.

உறைந்த மீனும் கோழியும் இன்னொன்று. மைக்ரோவேவ் இருந்தால் மறந்தாலும் சமாளிக்கலாம். இல்லாதபோது முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்த நாளில் பையை இறுக்கக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் அரைக் கிலோ மீன் ஒரு மணி நேரத்துக்குள் இளகும். அவசரத்துக்கு அதுவும் தாமதம்தான்.

தீ என்பது சாதாரண விஷயம் இல்லை. மைக்ரோவேவ் நேரம் முடிந்தால் தானே நிற்கும், அடுப்பு நிற்காது. அடித் தண்ணீர் வற்றினால் சட்டி கருகும். அத்தை அடித்தட்டில் ஒரு பத்துக் காசைப் போட்டு வைப்பார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகள் தனியாக இருக்கும் நேரம் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. அந்த மாதிரி நாள்களில் ரைஸ் குக்கரில் சோறு சூடாகவே இருக்கும், அதன் மேல் வைக்கும் ஆவித்தட்டில் குழம்புக் கிண்ணம் இருக்கும். மூத்தவனுக்குப் பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். தனியாக இருக்கும் வயதானவர்கள், மறதி உள்ளவர்கள், பகல் முழுக்கப் பிள்ளைகள் தாங்களே சாப்பிட்டுக்கொள்ளும் வீடு என்றால் நான் மைக்ரோவேவைத்தான் வாங்கச் சொல்வேன்.

பழுது பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோவேவுக்குள் சில ஆயிரம் வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே அலை வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா அட்டை கருகியிருந்தால் மாற்றுவது மலிவு. அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டால் கூலியோடு சேர்த்துப் புதிதின் விலையை நெருங்கிவிடும்.

ஆவிச்சட்டி வாங்குவதென்றால் அலுமினியத்தை விட்டு எவர்சில்வராகவே எடுங்கள். மூடி குடை மாதிரி வளைந்திருக்க வேண்டும். தட்டை மூடியில் தண்ணீர் நடுவில் சொட்டும், வளைந்த மூடியில் ஓரமாக வழிந்துவிடும். அடுக்கின் உயரம்தான் முக்கியம். சில சட்டிகள் பாவுக்கென்று செய்தவை, அவற்றில் நம் குழம்புக் கிண்ணம் நுழையாது. வீட்டில் அதிகம் புழங்கும் கிண்ணத்தை மூடும் தட்டோடு கையில் எடுத்துப் போய், அடுக்குக்குள் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.