பழைய பென்டியம் 4-க்கு யூஎஸ்பி 2.0 பிசிஐ கார்டு: தாராளமாக வாங்கலாம், கரன்ட் விஷயம் மட்டும் கவனம்

எங்கள் டிடிபி கடையில் இன்னும் ஒரு பென்டியம் 4 ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களில் அடித்த பேஜ்மேக்கர் ஃபைல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அந்த ஃபான்ட் சாஃப்ட்வேருக்கு பேரலல் போர்ட்டில் டாங்கிள் (லைசென்ஸைக் காட்டும் சின்ன பூட்டு) செருகியாக வேண்டும், அதனால் தூக்கிப்போட முடியாது, போட மனசும் இல்லை. சிக்கல் எல்லாம் யூஎஸ்பியில். இன்டெல் 845 சிப்செட்டோடு ஆரம்பத்தில் வந்த போர்டு இது, இருப்பது யூஎஸ்பி 1.1. நொடிக்கு 12 மெகாபிட் என்று பெயர், கைக்கு வருவது 1 எம்பி அளவுதான். ஒரு ஜிபி காப்பி ஆவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், 40 ஜிபி பேக்கப் என்றால் ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியதுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 450 ரூபாய்க்கு இந்த யூஎஸ்பி 2.0 பிசிஐ கார்டு கிடைத்தது, போர்டில் இருக்கும் பிசிஐ ஸ்லாட்டில் செருகினால் வேகமான யூஎஸ்பி போர்ட்கள் கூடுதலாகக் கிடைக்கும். மேலே கம்பெனி பெயர் எதுவும் இல்லை, ஆனால் சிப் வியா விடி6212எல், அது போதும். வெளியே நாலு போர்ட், உள்ளே ஒன்று. சிஸ்டத்தை ஆஃப் செய்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் இரண்டு முனையும் சமமாக இறங்கும்படி அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் டிரைவர் சிடி தேடி அலைய வேண்டாம், தானே எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘என்ஹான்ஸ்டு’ என்ற பெயரோடு ஒரு கன்ட்ரோலர் தெரிகிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் புது போர்ட்டிலும் பழைய வேகம்தான்.

வேகம் அருமை. நொடிக்கு 25 எம்பிக்குக் குறையாமல் போகிறது, ராத்திரி முழுக்க ஓடிய பேக்கப் இப்போது டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு வேலையை முடிப்பதற்குள் ஆகிவிடுகிறது.

குறை என்றால் கரன்ட். பென் டிரைவ், மவுஸ், ஸ்கேனர் எதற்கும் தொந்தரவு இல்லை. தனி அடாப்டர் இல்லாத சின்ன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால்தான் சில நேரம் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது, ஏனென்றால் யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்ப், டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அதற்கு மேல் இழுக்கும், அதுவும் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்தின் பவர் சப்ளை) பழசாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். சில கார்டுகளில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக கரன்ட் எடுக்கும் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் இருக்கும். நூறு ரூபாய் கூடப் போனாலும் அதையே கேட்டு வாங்குங்கள். இதில் அது இல்லை, அதனால் நான் அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க்கைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம், டிஸ்க் 2 டிபிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் தேவைப்படும் ஜிபிடி பார்ட்டிஷன் முறை 32 பிட் எக்ஸ்பிக்குத் தெரியாது. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்துவிடுங்கள், ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது.

கடையில் யூஎஸ்பி 3.0 கார்டை நீட்டினால் வாங்காதீர்கள், அவை பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ், இந்த போர்டில் உட்காரவே உட்காராது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ கேபிளில் (டிஸ்க்கை நேராக போர்டோடு இணைக்கும் கேபிள்) மாட்டிக் காப்பி செய்யச் சொல்பவர்களும் உண்டு, ஒரே ஒரு தடவைக்கு அது சரி, ஆனால் தினமும் ஓடுகிற மெஷினுக்கு இந்தக் கார்டுதான் லாயக்கு.