"ஆன்விஃப் இருந்தா போதும்ணா" என்றார்கள், 38,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடைக்காரர் என்னை வாட்ஸப்பில் பிளாக் செய்துவிட்டார். டிபி காணோம், அனுப்புகிற மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக். ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று, காலையில் குடோனைத் திறந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். வடசென்னையில் கேமரா, ரெக்கார்டர், ஒயர் விற்று, ஆள் அனுப்பி மாட்டியும் கொடுக்கிற ஒரு கடை. அவர்களிடம் நான் கொடுத்தது 38,500 ரூபாய்.

காசிமேட்டில் எனக்கு ஒரு சின்ன குடோன் இருக்கிறது. வலை, நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் நான்கு ஐபி கேமரா, அதாவது நெட்வொர்க் ஒயரில் படம் அனுப்புகிற கேமரா, வாங்கி மாட்டினேன். உப்புக்காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்ததே தவிர, படம் இன்றைக்கும் பளிச்சென்று வருகிறது. போன மழையில் கரண்ட் ஏறி இறங்கியதில் பழைய ரெக்கார்டர் மட்டும் செத்துப்போனது. சரி, புதுசு வாங்கும்போதே கொஞ்சம் புத்திசாலியான பெட்டியாக வாங்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

எங்கள் ஏரியாவைத் தெரிந்தவர்களுக்கு என் தேவை புரியும். ராத்திரி இரண்டு மணிக்கே தெருவில் நடமாட்டம் ஆரம்பித்துவிடும். ஐஸ் வண்டி, மீன் கூடை, ஏலத்துக்குப் போகிறவர்கள். பூனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காசிமேட்டுப் பூனை சாப்பிட்டுக் கொழுத்தது. அதனால் வெறும் அசைவைப் பார்த்து அடிக்கிற அலாரம் எனக்கு உதவாது. கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு போட வேண்டும், அந்தக் கோட்டை மனுஷன் தாண்டினால் மட்டும் என் போன் அடிக்க வேண்டும். கடையில் போய் நின்று இதைத்தான் கேட்டேன், இதே வார்த்தையில்.

கடைக்காரர் முப்பது வயசுப் பையன். உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். டிவியில் லைவ் போட்டு, வேலைக்காரத் தம்பியைக் கடை வாசலில் குறுக்கே நடக்கச் சொன்னார். தம்பியைச் சுற்றி ஒரு கட்டம் வந்தது, பெட்டி 'பீப்' என்றது. அப்புறம் ஒரு அட்டைப் பெட்டியைத் தரையில் உருட்டிக் காட்டினார். சத்தம் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல். இருந்தாலும் கேட்டேன்: "தம்பி, என்கிட்ட இருக்கிறது வேற கம்பெனி கேமரா. அதுலயும் இப்படி வருமா?"

"ஆன்விஃப் இருந்தா போதும்ணா. மூளை எல்லாம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு. கேமரா வெறும் கண்ணு."

ஆன்விஃப் என்றால் வேறு வேறு கம்பெனி கேமராவும் பெட்டியும் பேசிக்கொள்கிற பொது ஏற்பாடு, விவரம் பின்னால் வருகிறது. இந்த 'வெறும் கண்ணு' வசனத்தில்தான் விழுந்தேன். அப்போதும் உள்ளே ஏதோ உறுத்தியது. "இதை பில்லு பின்னாடி ஒரு வரி எழுதிக் குடுத்துடேன்" என்றேன். அவர் முகம் வாடிப்போச்சு. "என்னணா, நானும் இந்த ஏரியாதான். நம்பிக்கை இல்லையா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. டீயைக் குடித்துவிட்டு இப்படிக் கேட்கிறோமே என்று கூச்சம். விட்டுவிட்டேன். முப்பது வருஷமாகப் போட்டுக்காரர்களிடம் கடன் கொடுத்து வசூல் பண்ணுகிறவன், ஒரு டீயில் கவிழ்ந்தேன்.

கணக்கு இது. எட்டு சேனல் (எட்டு கேமரா வரை மாட்டலாம்) ரெக்கார்டர் 17,500. நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் 11,500. ஒயர், கூலி 5,000. செட்டிங் 4,500. மொத்தம் 38,500. 'பில்லு வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம்ணா' என்றார். வேண்டாம், பில் போடுங்கள் என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மாட்ட வந்த தம்பி, நான்கு கேமரா கேபிளையும் ரெக்கார்டரின் முதுகில் இருக்கிற பிஓஇ (நெட்வொர்க் ஒயரிலேயே கரண்டும் கொடுக்கிற) துவாரங்களில் சொருகினான். படம் வந்தது. செல்போனில் ஆப் போட்டுக்கொடுத்தான். கோடு போடுகிற இடத்தைக் காட்டு என்றேன். மெனுவுக்குள் போனான். கோடு தாண்டுதல், ஆள் நுழைதல், மனுஷன், வண்டி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. ஆனால் எல்லாமே சாம்பல் நிறத்தில், அமுக்கினால் அசையவில்லை. "அப்டேட் ஆகணும்ணா, நைட்டுக்குள்ள தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டு, சாதாரண மோஷனை மட்டும் ஆன் செய்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி போன் நூறு தடவைக்கு மேல் அடித்தது. பூனை. ட்ரெய்லர் ஹெட்லைட். மழைத் தூறல். லென்ஸ் ஓரம் கூடு கட்டிய சிலந்தி, இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் அதன் நூல் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி தெரிகிறது. மூன்றாம் நாளே கடைக்கு எழுதினேன். அதிலிருந்து வந்த பதில்களைக் கேளுங்கள்.

முதல் வாரம், "கம்பெனில இருந்து ஃபர்ம்வேர் வருதுணா." இரண்டாம் வாரம், "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம், "உங்க நெட்டு ஸ்லோ." அதற்கும் அப்புறம், நான் நேரில் போய் நின்றபோது, பக்கத்தில் வேறு வாடிக்கையாளர் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, "கேமரா பழசுணா. நம்ம கம்பெனி கேமரா நாலு மாத்திட்டா பிரச்சனையே இல்ல. உங்களுக்காக ரேட் பார்த்துப் போடுறேன்." அப்படியானால் 'வெறும் கண்ணு' என்ன ஆச்சு? மூளை எங்கே போச்சு? கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையேணா" என்றார், கண்ணைப் பார்த்தே.

அக்கா பையன் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டான். "மாமா, இந்தப் பெட்டிக்கு சொந்த மூளையே கிடையாது. மனுஷனைக் கண்டுபிடிக்கிறது கேமராவோட வேலை. அது அனுப்புற சேதியை வாங்கி பதிவு பண்றது, போனுக்குத் தள்ளுறது, அவ்வளவுதான் இதோட வேலை. அந்தச் சேதியும் அவங்க கம்பெனி பாஷையில வந்தாத்தான் இதுக்குப் புரியும்." கடையில் டிவியில் பார்த்தது அவர்கள் கம்பெனி கேமரா. கட்டம் போட்டது கேமரா, பேர் வாங்கியது பெட்டி.

ஆன்விஃப் என்பது 2008இல் கேமரா கம்பெனிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட பொதுப் பேச்சாம். அதிலும் பிரிவு பிரிவாக இருக்கிறது. ப்ரொஃபைல் எஸ் என்றால் அடிப்படையாகப் படம் வரும், கேமராவைத் திருப்பலாம். ப்ரொஃபைல் டி (T) என்றால் எச்.265 என்கிற சுருக்கும் முறையில் படமும் அசைவு பற்றிய சேதியும் உண்டு. மனுஷன், வண்டி என்று பிரித்துச் சொல்கிற விவரத்துக்கென்றே ப்ரொஃபைல் எம் என்று ஒன்று 2021இல்தான் வந்தது, அது கேமராவிலும் இருக்க வேண்டும், வாங்கிக்கொள்கிற பக்கமும் இருக்க வேண்டும். என் பெட்டியின் அட்டையில் 'ஆன்விஃப்' என்று மட்டும் இருக்கிறது, எந்த எழுத்தும் இல்லை. வேறு கம்பெனி கேமரா படத்தையும் தானே அலசுகிற ரெக்கார்டர்கள் நிஜமாகவே இருக்கின்றனவாம். ஆனால் எட்டு சேனல் பெட்டியென்றால் எட்டுக்கும் செய்துவிடாது, பலவற்றில் இரண்டு, நான்கு என்று வரம்பு உண்டு.

கேட்கக் கேட்க வயிறு எரிந்தது இன்னொரு விஷயத்துக்காக. என் பழைய கேமராவிலேயே மனுஷனைப் பிரித்தறியும் வசதி இருக்கிறது! அதன் சொந்த ஆப்பில் எனக்கே போன் அடித்திருக்கும். ரெக்கார்டரின் முதுகில் சொருகியதால் கேமராக்கள் பெட்டிக்குள் தனி நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டு, ஆப்பால் எட்ட முடியாமல் போயிருக்கின்றன. பையன் ஒரு பிஓஇ சுவிட்ச் வாங்கி எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டான். பாஸ்வேர்டையும் கடைத் தம்பி மாற்றிவைத்திருந்ததால் ஒவ்வொன்றாக ஏணி வைத்து ஏறி ரீசெட் செய்தோம். இப்போது கோடு வேலை செய்கிறது. 17,500 ரூபாய்ப் பெட்டி வெறுமனே பதிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த வேலைக்கு அதைவிடக் குறைவான விலையில் பெட்டி போதும்.

நடுவில் ஒரு நாள், பூனைத் தொல்லை தாங்காமல் நான் போனை சைலன்டில் போட்ட ராத்திரி, இரண்டு பண்டல் கயிறு போனதும் நடந்தது. பதிவு இருக்கிறது, ஆனால் படத்தில் நேரம் ராத்திரி 8:40 என்று காட்டியது. எட்டே முக்காலுக்கு நானே குடோனில் இருந்தேன்! ஸ்டேஷனில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ரெக்கார்டர் ஆன்விஃப் வழியாகக் கேமராவுக்கு லண்டன் கிரீன்விச் கணக்கில் நேரம் கொடுத்து, ஐந்தரை மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறது. நிஜ நேரம் விடிகாலை 2:10. செட்டிங் கூலி 4,500 ரூபாய் வாங்கியவர்கள் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நேற்று எழுதினேன். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது தவறு, நான் மூன்றாம் நாளே புகார் சொன்னது தேதியோடு இருக்கிறது என்று பதில் போட்டேன். அதற்குத்தான் அந்த பிளாக்.

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன். லோடு வந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமராவில் ஒன்றைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போங்கள், அவர்கள் பெட்டியில் சொருகி, கோடு போட்டு, ஆளை நடக்கவிட்டுப் பாருங்கள். 'சப்போர்ட் பண்ணும்' என்றால் படத்துக்கா, அலாரத்துக்கா என்று கேளுங்கள். பாஸ்வேர்டை எழுதி வாங்காமல் கூலி கொடுக்காதீர்கள். பில் கண்டிப்பாக வாங்குங்கள். டீ வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்தாயிற்று. அது நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பில்லின் பின்னால் ஒரு வரி எழுதி வாங்காமல் வந்தோமே என்று இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பையன்தான் பில்லின் முன்பக்கத்தைக் காட்டினான். செட்டிங் என்று 4,500 ரூபாய் பிடுங்கினார்களே, அந்த வரியில் கடைக்காரர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: 'ஏஐ செட்டிங், கஸ்டமர் கேமரா 4.'