தூபோனா, ஃபான்டோமா?

பெல்ஜியத்துப் பண்ணை பீரான சேசோனுக்குப் புதியவர் என்றால் தூபோனில் தொடங்கலாம். டூர்ப் கிராமத்தில் காய்ச்சுவது, 6.5 சதவீத ஆல்கஹால். ஊற்றும்போது அவசரப்பட்டால் நுரை பொங்கி மேசை நனையும். மூக்கில் எலுமிச்சைத் தோல், நாக்கில் மிளகுக் காரம். மிளகு எதுவும் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. அது சர்க்கரையைப் பெரும்பாலும் தின்றுவிடுவதால், விழுங்கியபின் இனிப்பு தங்காது. லேசான கசப்புதான் நிற்கும். பச்சைப் பாட்டில் வெளிச்சத்தில் கிடந்திருந்தால் கெட்ட வாடை அடிக்கும், அதனால் அலமாரியின் பின்வரிசையில் இருப்பதை எடுங்கள்.

ஆர்டென் பக்கத்து சோய் ஊரில் 1988இல் தொடங்கிய ஃபான்டோம் வேறு ரகம். 8 சதவீதம், பழ வாசனை தூக்கல். ஒரு பாட்டில் இனிக்கும், அடுத்தது புளிக்கும். சூதாட்டம் பிடித்தவர்களுக்குச் சரி. சாப்பாட்டோடு என்றால் எனக்குத் தூபோன் போதும்.