பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா? கரண்ட் இல்லாத ராத்திரியில் தனியாகப் படிப்பவருக்கு

போன வருஷம் நானும் என் தம்பியும் ஒரே மாதத்தில் புரோகிராம் எழுதக் கற்க ஆரம்பித்தோம். இரண்டு பேருக்கும் அதற்கு முன்னால் ஒரு வரி கூட எழுதிப் பழக்கமில்லை. நான் பைத்தான் என்ற புரோகிராம் மொழியை எடுத்தேன், அவன் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியை எடுத்தான். பர்மாவில், யாங்கோன் நகர மையத்தில், காளி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே மளிகைக் கடை, மேலே குடித்தனம். கடையில் அன்றன்றைக்கு விற்றதைக் கூட்டிச் சொல்ல ஒரு சின்ன புரோகிராம் வேண்டும் என்பதுதான் இருவருக்கும் இலக்கு.

நான் பைத்தான் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுமே இலவசம், இரண்டுமே பழைய லேப்டாப்பில் ஓடும், இரண்டுக்கும் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 1991-இல் வெளிவந்த பைத்தானும் சரி, 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்டும் சரி, இன்னும் பல வருஷம் இருக்கப் போகிறவைதான். ஆரம்பிப்பதில் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதையும் இறக்க வேண்டாம். பிரவுசரைத் திறந்து எஃப்12 தட்டினால் எழுதும் இடம் வந்துவிடும். பைத்தானை இறக்கிப் போட வேண்டும், சுமார் 25 எம்பி. போடும்போது முதல் திரையின் அடியில் 'பாத்' (PATH) என்று வரும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். மறந்துவிட்டு நான் ஒரு சாயங்காலம் முழுக்க அல்லாடினேன்.

எங்களுக்குள் வித்தியாசம் தெரிந்தது பிழை வந்தபோதுதான்.

தம்பி எழுதிய வரி இது: மொத்தம் = மொத்தம் + விலை. (பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், இரண்டு மொழியும் ஏற்றுக்கொள்ளும். எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.) மொத்தம் 0-வில் தொடங்கும், விலையை நாம் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று விற்பனை போட்டான்: 2500, 1500, 800. 4800 சாட் (பர்மியப் பணம்) வர வேண்டும். திரையில் வந்தது 025001500800.

"அக்கா, எரர் ஒண்ணும் வரலியே. அப்ப எழுதினது சரிதானே?" என்றான்.

நாம் தட்டுவது எண்ணாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது எழுத்துச் சரம், அதாவது வரிசையாகக் கோத்த எழுத்துகள்தான். எண்ணையும் சரத்தையும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணையும் சரமாக்கி ஒட்டிவிட்டு, எதுவுமே நடக்காதது போல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. கழிக்கச் சொன்னால் அதே சரத்தை எண்ணாக மாற்றிக் கழிக்கும். இது தெரியாதவனுக்கு எங்கே தேடுவது என்றே புரியாது. அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. கூடவே வைஃபையும் போய்விடும். மின்வெட்டு நீண்டால் கைபேசி டவரும் படுத்துவிடும். பேட்டரி தீரும்வரை, 40 நிமிஷம், அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே வரியைப் பைத்தானில் நான் எழுதியபோது முதல் விற்பனையிலேயே நின்றுவிட்டது. நாலாவது வரி என்று எண் போட்டு, அந்த வரியையும் எடுத்துக் காட்டி, முழு எண்ணையும் சரத்தையும் கூட்டல் குறியால் சேர்க்க முடியாது என்றது. செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். பர்மிய வழியில் படித்த எனக்கு அதில் பாதிச் சொல் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு எரரையும் நோட்டில் எழுதிப் பக்கத்தில் தமிழில் பொருள் போட்டு வைத்தேன். மூன்று மாதத்தில் சேர்ந்தவை ஒன்பதே வகை. அவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. விலையை, சரத்தை எண்ணாக மாற்றும் 'இன்ட்' (int) என்ற சொல்லுக்குள் அடைத்தால் சரியாகிவிடும் என்று நானே கண்டுபிடித்தேன். அந்த ராத்திரி தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்தியபோது, கரண்ட் வருவதற்கு முன்பே என் கணக்கு சரியாக வந்திருந்தது.

பைத்தானும் எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்துவிடாது. இரண்டு சரங்களைக் கூட்டினால் அதுவும் சத்தமில்லாமல் ஒட்டித்தான் வைக்கும். இருந்தாலும் தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு வாத்தியார் அந்த எரர் செய்திதான். தப்பு நடந்த இடத்திலேயே கையைப் பிடித்து நிறுத்துகிற வாத்தியார் வேண்டும். 2021 மார்ச்சில் இங்கே கைபேசி இணையம் நிறுத்தப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, 'நெட்டில் தேடிக்கொள்ளலாம்' என்ற பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியும். பைத்தானை விண்டோஸில் போடும்போது அதன் கையேடும் சேர்ந்தே இறங்குகிறது. கற்றுத்தரும் பாடம் ஒன்றும் அதற்குள் இருக்கிறது. நெட் இல்லாமலே திறந்து படிக்கலாம்.

சரி, தம்பி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிறகு அவன் செய்த விலைப் பட்டியல் ஒரே ஒரு கோப்பு. வீசைக்கு என்ன விலை என்று வெங்காயம், பருப்பு, புளி எல்லாம் வரிசையாக வரும். (பர்மாவில் எடைக்கு இன்னும் வீசைக் கணக்குதான், அது நம் சொல்தான்.) அதைப் போனுக்குப் போன் அனுப்பினான். தெருவில் யார் போனிலும் பிரவுசரில் திறந்தது. என் புரோகிராமை அடுத்த கடைக்காரரிடம் கொடுக்க வேண்டுமென்றால் அவர் மெஷினிலும் பைத்தான் போட்டாக வேண்டும். செய்ததை நாலு பேருக்குக் காட்டும் ஆசைதான் உங்களைப் படிக்க வைக்கும் என்றால் அவன் வழி உங்களுக்குப் பொருந்தலாம். வேலை கிடைப்பதைப் பற்றி எங்கள் இருவருக்குமே அனுபவம் கிடையாது. அதை வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

லேப்டாப் இல்லாமல் போனிலேயே கற்கலாமா என்றும் கேட்கிறார்கள். பைட்ராய்டு என்ற செயலி ஆண்ட்ராய்டில் நெட் இல்லாமல் பைத்தானை ஓட்டும். இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான் என் பழக்கம். அடைப்புக்குறி தட்டவே விரல் வலித்தது. ஆனால் பேட்டரி நிற்பதில் போனை லேப்டாப் நெருங்க முடியாது.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தானின் 3.8 பதிப்புக்கு மேல் ஏறாது. நான் புகழ்கிற எரர் செய்திகளில் ஒரு பங்கு 2021 அக்டோபரில் வந்த 3.10-இல்தான் சேர்ந்தது. திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் இன்ன இடத்தில் மூடவில்லை என்று அது சொல்லும். திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் (print) என்பதில் ஓர் எழுத்தை விட்டால், பிரிண்டைத்தான் சொன்னீர்களா என்று கேட்கும். 3.8-இல் அதே அடைப்புக்குறிப் பிழைக்கு, பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி 'இலக்கணம் தப்பு' என்பதோடு நின்றுவிடும். விற்பவரிடம் விண்டோஸ் 10 போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.