வார்லாக்குடன் எதைச் சேர்ப்பது: பாலடினா, சார்சரரா, பார்டா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைக் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் மல்டிகிளாஸ் செய்வதற்கு, அதாவது ஒரே பாத்திரத்தின் லெவல்களை இரண்டு கிளாஸ்களுக்கு (பாத்திர வகைகளுக்கு) இடையே பிரித்துக்கொள்வதற்கு, வார்லாக் என்னும் மந்திரவாதி வகையைப் போலத் தோதான கிளாஸ் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. மற்ற கிளாஸ்களில் ஐந்தாறு லெவல் ஏறிய பிறகே கிடைக்கும் பயனில் பெரும்பகுதியை இது முதல் இரண்டு லெவல்களிலேயே கொடுத்துவிடுகிறது. எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் என்னும் கேன்ட்ரிப்பின் (எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரத்தின்) கற்றைகள் வார்லாக் லெவலைப் பொறுத்து அல்லாமல் பாத்திரத்தின் மொத்த லெவலைப் பொறுத்துப் பெருகுகின்றன. 5-ஆம் லெவலில் இரண்டு, 11-இல் மூன்று, 17-இல் நான்கு என்ற அந்த வளர்ச்சி, வார்லாக்கில் இரண்டே லெவல் எடுத்தவருக்கும் முழுமையாக உண்டு. அதனுடன் ஒவ்வொரு கற்றைக்கும் கரிஸ்மா என்னும் ஆளுமைத் திறனின் கூட்டெண்ணைச் சேர்த்துத்தரும் அகனைசிங் பிளாஸ்ட் என்ற இன்வொகேஷன் (வார்லாக்கின் சிறப்புத் திறன்) சேரும்போது, 120 அடி தொலைவிலிருந்து ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) எதையும் செலவிடாமல் அடிக்கும் நிலையான தாக்குதல் கைக்கு வருகிறது.

பேக்ட் மேஜிக் என்னும் வார்லாக்கின் மந்திர ஸ்லாட்டுகள் ஷார்ட் ரெஸ்ட் என்னும் சிறு ஓய்விலேயே திரும்பி வருவது இரண்டாவது கவர்ச்சி. அவை மற்ற கிளாஸ்களின் ஸ்லாட் அட்டவணையோடு சேராமல் தனியாக நிற்கின்றன. ஆயினும் ஒரு கிளாஸின் ஸ்லாட்டைக் கொண்டு மற்றதன் மந்திரத்தைப் போடலாம் என்பதால், சேர்க்கையின் பலம் இந்தச் சந்திப்பில்தான் பிறக்கிறது. 2014-இல் வந்த விதிகளைக் கொண்டு ஆடுகிறீர்களா, 2024-இல் திருத்தப்பட்டவற்றைக் கொண்டு ஆடுகிறீர்களா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஏனெனில் போட்டியிடும் சேர்க்கைகளின் வரிசையே இதனால் தலைகீழாக மாறுகிறது.

2014 விதிகளில் பாலடின் என்னும் புனித வீரர் கிளாஸே முதலிடம் பெறத் தகுதியானது. எதிரியின் மேல் அடி விழுந்தது உறுதியான பிறகே டிவைன் ஸ்மைட் என்னும் கூடுதல் சேதத்துக்கு ஸ்லாட்டைச் செலவிடலாம் என்பதால், எதுவும் வீணாவதில்லை. முதல்நிலை ஸ்லாட்டுக்கு இரண்டு எட்டுமுகப் பகடைகள், அதற்கு மேல் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பகடை கூடுதல், உச்சவரம்பு ஐந்து என்பது கணக்கு. ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும் ஆட்டத்தில், வார்லாக்கின் இரண்டு லெவல்கள் ஆறு கூடுதல் ஸ்மைட்டுகளாக மாறுகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 9 புள்ளி சேதம். மூன்றாவது வார்லாக் லெவலையும் எடுத்தால் ஸ்லாட்டுகள் இரண்டாம் நிலைக்கு உயர்ந்து, சராசரி 13.5 ஆகிறது.

ஆனால் இந்தச் சேர்க்கையை நான் உயர்த்திப் பேசுவதற்குச் சேதக் கணக்கைவிடக் கரிஸ்மாவே பெரிய காரணம். 2017-இல் வந்த ஹெக்ஸ்பிளேட் என்னும் உபகிளாஸ், வார்லாக்கின் முதல் லெவலிலேயே, இரு கைகளாலும் பிடிக்க வேண்டிய ஆயுதங்களைத் தவிர்த்து ஒரு ஆயுதத்தைக் கரிஸ்மாவால் வீச அனுமதிக்கிறது. வாள்வீச்சு, மந்திரம், பேச்சு, பாலடினின் 6-ஆம் லெவலில் பத்தடிக்குள் நிற்கும் தோழர்கள் அனைவரின் சேவிங் த்ரோக்களுக்கும் (ஆபத்தைத் தவிர்க்க வீசும் பகடைகளுக்கும்) வலுச் சேர்க்கும் ஆரா ஆகிய நான்கும் ஒரே எண்ணைச் சார்ந்து நிற்கும்போது, அந்த ஓர் எண்ணை 20-க்கு உயர்த்துவதே பாத்திரத்தின் முழுத் திட்டமாகிவிடுகிறது. மல்டிகிளாஸ் நிபந்தனைக்காக ஸ்ட்ரெங்த்தில் 13 வைத்தே ஆகவேண்டும் என்பது இங்கே செலுத்தும் வரி. கனமான கவசம் வேண்டுமானால் முதல் லெவல் பாலடினாகவே இருக்க வேண்டும். பிறகு வந்து சேர்பவருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

லெவல்களின் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாலடின் ஐந்து வரை சென்றுவிட்டு ஹெக்ஸ்பிளேட்டுக்கு வரலாம் என்பது இயல்பான எண்ணம். அப்படிச் செய்தால் முதல் ஐந்து லெவல்களுக்கு ஸ்ட்ரெங்த்தையும் கரிஸ்மாவையும் ஒருசேர வளர்க்க நேரும், பின்னர் ஸ்ட்ரெங்த்தில் போட்ட புள்ளிகள் பெரும்பாலும் பயனற்றுப் போகும். பாலடினாகத் தொடங்கி, இரண்டாம் லெவலிலேயே ஒரு வார்லாக் லெவலை எடுத்துக்கொண்டு, பிறகு பாலடின் ஆறு வரை நேராகச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே முறையில் இரண்டு தடவை தாக்க உதவும் எக்ஸ்ட்ரா அட்டாக் ஒரு லெவல் தாமதமாகும் என்பது உண்மைதான். அந்த ஒரு லெவலில் மற்ற வீரர்கள் உங்களைவிட முன்னே இருப்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆராவுக்கு முன்பாகவே இரண்டாவது, மூன்றாவது வார்லாக் லெவல்களை எடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும், அது குழு முழுவதுக்கும் இழப்பு.

சார்சரர் என்னும் பிறவி மந்திரவாதியுடன் சேர்ப்பது முற்றிலும் வேறு வகையான ஆட்டம். பேக்ட் ஸ்லாட்டுகளைச் சார்சரி பாயின்ட்டுகளாக (மந்திரங்களை மாற்றிப் போடச் செலவிடும் புள்ளிகளாக) மாற்றி, அவற்றில் இரண்டைக் கொடுத்துக் குவிக்கன்ட் ஸ்பெல் மூலம் ஒரே திருப்பத்தில் (ஆட்டத்தில் ஒருவரின் முறையில்) இரண்டு முறை எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் போடுவது இதன் மையம். கரிஸ்மா 18 (கூட்டெண் 4) உள்ள 5-ஆம் லெவல் பாத்திரத்தின் எல்லாக் கற்றைகளும் பட்டால், வழக்கமான திருப்பத்தில் சராசரி 19 புள்ளியும், குவிக்கன்ட் போட்ட திருப்பத்தில் 38 புள்ளியும் வரும். ஸ்லாட் ஒன்றுக்கு அதன் நிலைக்குச் சமமான பாயின்ட் கிடைப்பதால், இந்தச் சேர்க்கையில் மூன்றாவது வார்லாக் லெவலுக்குப் பாலடினில் இருப்பதைவிட மதிப்பு அதிகம். இரண்டு முதல்நிலை ஸ்லாட்டுகள் இரண்டு பாயின்ட்டுகளாகி ஒரு குவிக்கன்ட்டுக்கு மட்டும் போதும், இரண்டு இரண்டாம்நிலை ஸ்லாட்டுகளோ நான்கு பாயின்ட்டுகளாகி இரண்டு முறைக்குப் போதும். சார்சரராகத் தொடங்கினால் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவிலும் தேர்ச்சி வருகிறது. அடி வாங்கும்போதும் கான்சன்ட்ரேஷனைக் (போட்ட மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனத்தை) காக்க அது மிகவும் உதவும், பிற்பாடு எந்த மல்டிகிளாஸாலும் அதைப் பெற முடியாது.

இதன் குறை என்னவெனில், ஃபயர்பால் போன்ற மூன்றாம்நிலை மந்திரங்கள் தனிச் சார்சரருக்கு 5-ஆம் லெவலில் வரும்போது, உங்களுக்கு 7-இலோ 8-இலோதான் வரும். குறிவைத்த எதிரிக்குக் கூடுதல் சேதம் தரும் ஹெக்ஸ் மந்திரமும் குவிக்கன்ட்டும், ஒரு திருப்பத்தில் ஒன்று மட்டுமே கிடைக்கும் போனஸ் ஆக்ஷனுக்காக ஒன்றோடொன்று மோதும் என்பதையும் திட்டமிடும்போதே நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட சண்டையில் ஒரே எதிரியைக் குறிவைத்தால் ஹெக்ஸ் நல்லது. எதிரிகள் அடிக்கடி விழும் சண்டையில் ஒவ்வொரு முறையும் அதை இடம் மாற்றப் போனஸ் ஆக்ஷனை இழப்பது வீண்.

2024-இன் திருத்தம் இங்கேதான் கணக்கை மாற்றுகிறது. டிவைன் ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்ஷனில் போடும் மந்திரம். ஆகவே ஒரு திருப்பத்தில் ஒரு முறைக்கு மேல் ஸ்மைட் செய்ய வழியில்லை, கூடுதல் ஸ்லாட்டுகளைக் குவித்து வைத்திருப்பதன் பயன் பாதியாகக் குறைந்துவிட்டது. கரிஸ்மாவால் வாள் வீசும் வசதி, பேக்ட் ஆஃப் தி பிளேடு என்ற இன்வொகேஷனாக வார்லாக்கின் முதல் லெவலிலேயே கிடைக்கிறது என்பதால், பாலடினுக்கு வார்லாக் ஒரு லெவல் மட்டும் எடுத்து நிறுத்துவதே இப்போது அறிவுடைமை. சார்சரர் சேர்க்கையோ பெரிதாக அடிபடவில்லை, ஏனெனில் குவிக்கன்ட் மூலம் கேன்ட்ரிப் போடுவதற்குப் புதிய விதிகள் தடை சொல்லவில்லை. அகனைசிங் பிளாஸ்ட்டுக்கு வார்லாக்கில் இரண்டு லெவல் தேவை என்பதும் முன்போலவே இருக்கிறது. எனவே புதிய விதிகளில் சார்சரரையே முன்னால் வைப்பேன்.

பாடகர் வகை மந்திரவாதியான பார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் சொந்தத் தாக்குதல் கேன்ட்ரிப்பான விஷியஸ் மாக்கரி 2014-இல் வெறும் நான்குமுகப் பகடை. எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் அந்தக் குறையை அழகாக நிரப்புகிறது, 5-ஆம் லெவலில் தோழர்களை ஊக்குவிக்கும் பார்டிக் இன்ஸ்பிரேஷனும் ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்புவதால் ஓய்வின் தாளமும் பொருந்துகிறது. ஆயினும் பார்டின் உயிர் அதன் உயர்நிலை மந்திரங்களில் இருக்கிறது, அவற்றை இரண்டு லெவல் தள்ளிப்போடுவது எனக்கு நிறைவளிக்கவில்லை. ஃபைட்டருடன் சேர்ப்பதற்கு 2014-இல் ஆக்ஷன் சர்ஜ் ஒரு வலுவான காரணமாக இருந்தது. 2024-இல் அந்தக் கூடுதல் ஆக்ஷனை மந்திரத்துக்குப் பயன்படுத்த முடியாது என்றான பிறகு, கவசமும் கான்ஸ்டிட்யூஷன் தேர்ச்சியும் மட்டுமே எஞ்சுகின்றன.

முடிவெடுக்கும் முன் ஆட்டத்தை நடத்துபவரிடம் ஒரு நாளில் எத்தனை ஷார்ட் ரெஸ்ட் எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லாமல் ஒரே பெரிய சண்டையோடு நாள் முடியும் குழுவில், சார்சரரின் பாயின்ட் சுழற்சிக்கு வேலையே இராது. கரிஸ்மா வாளும் ஆராவும் அங்கேயும் குறையாமல் உழைக்கும் என்பதால், 2024 விதிகளிலும் அத்தகைய குழுவுக்குப் பாலடினையே தேர்ந்தெடுப்பேன். இரவு உறக்கத்தைத் தவிர்த்து ஷார்ட் ரெஸ்ட்டுகளாக அடுக்கி, பேக்ட் ஸ்லாட்டுகளைப் பாயின்ட்டாக்கிப் புதிய ஸ்லாட்டுகளை எல்லையின்றிச் சேர்க்கும் தந்திரத்தை நம்பி மட்டும் பாத்திரத்தை அமைக்காதீர்கள். லாங் ரெஸ்ட் எடுக்காதவருக்குச் சோர்வு ஏற்படுத்தும் விருப்ப விதி ஒன்று உண்டு, அதை நடத்துநர் கையில் எடுத்த நாளிலேயே அந்தத் திட்டம் முடிந்துவிடும்.